வீடு பார்க்கும்போதே கேளுங்கள்: டிஎம் 30 போட்டுத் தருவீர்களா?

பாங்காக்கில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வாடகை எவ்வளவு, ஸ்கைட்ரெயின் எத்தனை தூரம், சமையலறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தாளித்த புகை வெளியே போக வழி வேண்டும், அதனால் ஜன்னலைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "டிஎம் 30 நீங்களே பதிவு செய்து ரசீது கொடுப்பீர்களா?" என்பதுதான். "பார்க்கலாம்", "ஏஜென்ட்டைக் கேளுங்கள்", "அதெல்லாம் தேவைப்படாது" என்று பதில் வந்தால், வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் படுகிற அலைச்சலில் பாதி இந்த ஒரு தாளில்தான் தொடங்குகிறது.

1979-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம், பிரிவு 38: வெளிநாட்டவர் ஒருவர் தங்க வந்தால் 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளரோ வீட்டுக்குப் பொறுப்பானவரோ இமிக்ரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவம்தான் டிஎம் 30. ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர்களே போட்டுவிடுவார்கள், நமக்குத் தெரியவே தெரியாது. தனி வீடு, காண்டோ (அடுக்குமாடி வீடு) என்று வரும்போதுதான் சிக்கல். சட்டப்படி கடமை வீட்டுக்காரருடையது, அபராதமும் (ஹோட்டல் அல்லாத வீடுகளுக்கு 800 முதல் 2,000 பாட்) அவர் பெயரில்தான். ஆனால் கவுன்டரில் நிற்பது நாம். ரசீது இல்லையென்றால் விசா நீட்டிப்பு நகராது, குடியிருப்புச் சான்றிதழ் கிடைக்காது, அதுவோ ஒர்க் பெர்மிட்டோ இல்லாமல் ஓட்டுநர் உரிமத்தில் கை வைக்க முடியாது. அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு வருகிற வாடகைக்காரர்கள்தான் அதிகம்.

வீட்டுக்காரர்கள் ஏன் தயங்குகிறார்கள்? வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டாதவர்கள் அரசுக்குத் தெரியும்படி எதையும் எழுத விரும்புவதில்லை. சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள். சிலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடைசி வகையோடு பிரச்சினை இல்லை, சொன்னால் செய்வார்கள். ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், அவர் ஒருமுறை கணக்குத் தொடங்கினால் போதும். நேரில் போவதானால் அவருடைய அடையாள அட்டை நகல், வீட்டுப் பதிவேட்டின் நகல், வாடகை ஒப்பந்தம், உங்கள் பாஸ்போர்ட் நகல்கள் வேண்டும். வீட்டுப் பதிவேட்டைத் தாய் மொழியில் 'தபியன் பான்' என்பார்கள். நீல அட்டை போட்ட சிறு புத்தகம். முதல் இரண்டு நகல்களிலும் உரிமையாளர் கையெழுத்து இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளிலேயே இவற்றை வாங்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் வாட்ஸ்அப்பில் பதில் வராது. அங்கே எல்லோரும் லைன் செயலியில்தான் இருப்பார்கள் என்பதால் அதையும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று. காண்டோவில் கதவில் 1204 என்று எழுதியிருக்கும். அது அறை எண். தபியன் பானில் இருக்கும் வீட்டு எண் வேறு, 88/157 என்பது போல இருக்கும். டிஎம் 30-இல் போக வேண்டியது அந்த இரண்டாவது எண். வாடகை ஒப்பந்தத்தில் அறை எண்ணை மட்டும் எழுதிவிட்டு, டிஎம் 30-இல் வீட்டு எண்ணைப் போட்டால், கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டும் இரண்டு வீடு. ஒப்பந்தத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்: "அறை 1204, வீட்டு எண் 88/157". வங்கி, ஒர்க் பெர்மிட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் 88/157-ஐயே கொடுங்கள்.

முகவரியின் மற்ற பகுதிகளையும் தெரிந்துவைப்பது நல்லது. பாங்காக்கில் 'க்வேங்' (சிறு பகுதி), 'கேத்' (அது அடங்கிய பெரிய பகுதி) என்று இரண்டு அடுக்கு. வெளி மாகாணங்களில் அதே இடத்தில் 'தம்போன்', 'அம்ஃபோ' வரும், அதன்பின் மாகாணம். பெரிய சாலையிலிருந்து பிரிகிற தெரு 'சோய்'. ஒற்றைப்படை சோய்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். ஆனால் எண்கள் நேருக்கு நேர் வராது. சுகும்வித் சாலையில் 55-ஆம் சோய்க்கு (தொங் லோ) எதிரே இருப்பது 38. வண்டிக்காரரிடம் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வதைவிட, தாய் எழுத்தில் உள்ள முகவரியைப் படமெடுத்து வைத்துக் காட்டுவது வேகமாக வேலை செய்யும். சீலோம் பக்கம் பான் ரோட்டில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குப் போகவேண்டுமென்றால்கூட "மாரியம்மன் கோயில்" என்றால் யாருக்கும் புரியாது. "வாட் கேக்" என்றால் எல்லா டாக்சிக்காரர்களுக்கும் தெரியும்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் டிஎம் 30 மறுபடி போட வேண்டுமா? 2020-இல் வந்த திருத்தத்தின்படி, செல்லுபடியாகிற விசாவோடோ ரீ-என்ட்ரி அனுமதியோடோ (வெளிநாடு போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்குவது) அதே முகவரிக்குத் திரும்புகிறவர்களுக்குத் தேவையில்லை. நடைமுறையில் சில மாகாண அலுவலகங்கள் இன்னும் புதிதாகக் கேட்கின்றன. இன்னொன்றும் உண்டு. விடுமுறைக்கு ஹுவா ஹின் போய் இரண்டு இரவு ஹோட்டலில் தங்கினால், ஹோட்டல் போடும் பதிவு கணினியில் உங்கள் கடைசி முகவரியாக உட்கார்ந்துகொள்ளும். விசா நீட்டிப்புக்கு முந்தைய வாரங்களில் இப்படி வெளியூர் போனால், திரும்பி வந்ததும் வீட்டுக்காரரிடம் இன்னொரு முறை பதிவு செய்யச் சொல்வது பாதுகாப்பு. ஆன்லைன் கணக்கு இருந்தால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது பெயர். இது தமிழர்களுக்கென்றே வாய்த்த தொல்லை. தாய் படிவங்கள் எல்லாவற்றிலும் இரண்டு கட்டம்: 'ச்சூ', அதாவது பெயர், 'நாம்சகுன்', அதாவது குடும்பப் பெயர். நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. சொந்தப் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் கிடக்கும். ஒரு கவுன்டரில் முதல் சொல்லைப் பெயராகவும் இரண்டாவதைக் குடும்பப் பெயராகவும் பிரிப்பார்கள். இன்னொன்றில் முழுவதையும் பெயரில் போட்டு அடுத்த கட்டத்தில் கோடு இழுப்பார்கள். மூன்றாவது இடத்தில் தலைகீழாகிவிடும். வங்கியில் ஒரு பெயர், சிம் கார்டில் ஒரு பெயர், ஒர்க் பெர்மிட்டில் ஒரு பெயர் என்று ஆனபிறகு ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று ஒவ்வொருவரும் திருப்பி அனுப்புவார்கள். முதலில் கிடைக்கிற விசாவில் பெயர் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். விசா வந்த அன்றே, பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரில் இருக்கும்போதே பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நேரம் வந்தால், சர்நேம் கட்டத்தை நிரப்பிவிட்டு வருவது மிகப் பெரிய உதவி.

தாய் எழுத்தில் பெயரை எழுதுவது அதைவிட நுணுக்கம். 'குமார்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'க'வுக்கு அவர்களிடம் கோழியைச் சொல்லி அறிமுகப்படுத்துகிற 'கோ காய்' இருக்கிறது, எருமையைச் சொல்லி அறிமுகப்படுத்துகிற 'கோ க்வாய்' இருக்கிறது. எழுதுகிறவர் எதை வேண்டுமானாலும் போடலாம். கடைசி 'ர்' மேல் 'காரன்' என்ற சிறு குறி போட வேண்டும். போடாவிட்டால், சொல்லின் கடைசியில் வரும் 'ர' தாய் மொழியில் 'ன்' என்று ஒலிக்கும். குமார் 'குமான்' ஆகிவிடுவார். சிறுவன் என்ற பொருளில் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொல் அது, அதனால் யாருக்கும் தவறாகவும் படாது. ஒர்க் பெர்மிட்டிலோ பிங்க் அட்டையிலோ (வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) முதன்முதலாகத் தாய் எழுத்தில் பெயர் ஏறும்போது, பேசத் தெரிந்த ஒருவரை வைத்துச் சரிபார்த்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்த அலுவலகத்திலும் "இப்படியே எழுதுங்கள்" என்று அந்தப் படத்தை நீட்டினால் போதும்.

தேதியில் 543-ஐ மறக்க வேண்டாம். தாய் ஆவணங்கள் புத்த சகாப்தத்தில் ஓடுகின்றன. 2025 அங்கே 2568. இரண்டு இலக்கமாகச் சுருக்கும்போதுதான் குழப்பம். பால் பாக்கெட்டில் 15/03/69 என்றிருந்தால் அது 2026 மார்ச். வாடகை ஒப்பந்தத்தில் முடிவுத் தேதி, இன்ஷூரன்ஸில் தொடக்கத் தேதி இரண்டையும் ஒருமுறை கழித்துப் பார்த்துவிடுங்கள்.

இனி நகல். இமிக்ரேஷனுக்குப் போகுமுன் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசாப் பக்கம், கடைசியாக உள்ளே வந்த முத்திரை, நீட்டிப்பு முத்திரை, 90 நாள் ரசீது என எல்லாவற்றையும் ஏ4 தாளில் ஒரு பக்கமாக மட்டும் நகல் எடுங்கள். ஒவ்வொரு தாளிலும் படத்தை மறைக்காமல் கீழே நீல மையில் கையெழுத்து. கறுப்பு மையில் போட்டால் அதுவும் நகலோ என்று சந்தேகப்படுவார்கள். தாய்க்காரர்கள் தங்கள் நகல்களில் கையெழுத்தோடு 'சம்நாவ் தூக் தோங்' என்று எழுதுவார்கள், 'உண்மை நகல்' என்று பொருள். அடையாள அட்டை நகலின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, நடுவில் "டிஎம் 30-க்கு மட்டும்" என்று எழுதிக் கொடுப்பதும் வழக்கம். வீட்டுக்காரர் அட்டை நகல் தரத் தயங்கினால் இதை நீங்களே சொல்லிப் பாருங்கள். பலர் அதன்பின் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் நகலை வேறு எதற்கும் பயன்படுத்திவிடுவார்களோ என்பதுதான் அவர்கள் பயம்.

படிவங்களில் டிஎம் 6 (பழைய காகித வருகை அட்டை) எண் கேட்கும் கட்டம் இன்னும் இருக்கும். விமானத்தில் வருவோருக்கு அந்த அட்டை 2022-லேயே நிறுத்தப்பட்டது, காலியாக விடலாம். அதற்குப் பதிலாக 2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை. ஒர்க் பெர்மிட் வைத்து வருடக்கணக்கில் அங்கேயே வசிப்பவரும், உள்ளே வரும் ஒவ்வொரு முறையும், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இமிக்ரேஷனுடையது அல்ல. இதில் முகவரி எழுதினாலும் அது டிஎம் 30 ஆகிவிடாது.

90 நாளுக்கு ஒருமுறை இமிக்ரேஷனுக்கு முகவரியைத் தெரிவிக்கிற 90 நாள் ரிப்போர்ட் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. படிவம் டிஎம் 47. உள்ளே வந்த நாளையே முதல் நாளாக எண்ண வேண்டும். நேரில் போனால், கெடு நாளுக்கு 15 நாள் முன்பிலிருந்து 7 நாள் பின்பு வரை அவகாசம். ஆன்லைனில் அப்படி இல்லை, கெடுவுக்கு 15 நாள் முன்பு திறந்து 7 நாள் முன்பே மூடிவிடும். பலர் நேரில் போவதற்கான 7 நாள் சலுகை ஆன்லைனுக்கும் உண்டு என்று நினைத்து ஏமாறுகிறார்கள். முதல் முறையும், பாஸ்போர்ட் மாறிய பிறகு வரும் முறையும் நேரில்தான். தாமதமானால் 2,000 பாட். இடையில் நாட்டைவிட்டு வெளியே போனால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. ஆன்லைனில் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் விளக்கமாக வராது. பெரும்பாலும் டிஎம் 30 முகவரியும் இங்கே எழுதிய முகவரியும் ஒத்துப்போகாததுதான், முதலில் அதைச் சரிபாருங்கள். கெடுவுக்கு 15 நாள் முன்பே அனுப்பினால், மறுத்தாலும் நேரில் போகக் காலம் இருக்கும்.

பாங்காக்கில் நேரில் என்றால் ச்செங் வத்தனா அரசு வளாகம், பி கட்டடம். பிங்க் லைன் மோனோரயில் வந்தபிறகு போவது எளிதாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து உள்ளே வெயிலில் நடக்க நீளம், 'வின்' எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். 12 முதல் 1 வரை சாப்பாட்டு நேரம். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு வேண்டாம். விதி ஒன்றுதான் என்றாலும், எந்தத் தாளைக் கேட்பது என்பதில் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. "போன தடவை கேட்கவில்லையே" என்று குரல் உயர்த்தினால் அன்றைக்கு அந்தக் கவுன்டரில் வேலை முடியாது. எல்லோர் முன்னிலும் முகம் சிறுத்துப்போவதைத் தாய்க்காரர்கள் தாங்கமாட்டார்கள், அதன்பின் உதவ நினைத்தாலும் உதவ முடியாத நிலைக்குப் போய்விடுவார்கள். என்ன குறைகிறது என்பதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் வேறு அதிகாரி வேறொன்று கேட்டால் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

வெளிநாடு போகுமுன் ரீ-என்ட்ரி அனுமதி. ஒரு தடவைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. இது இல்லாமல் விமானம் ஏறினால், ஒரு வருட நீட்டிப்பு அந்த நிமிடமே செத்துவிடும். ஊரில் துக்கம் என்று நள்ளிரவில் கிளம்பும்போது இது யாருக்கும் நினைவுக்கு வராது. நீட்டிப்பு வாங்கும் அன்றே பலமுறை அனுமதியையும் வாங்கிவிடுவது 3,800 பாட் பெறும். பெற்றோர் ஊரில் இருப்பவர்களுக்கு இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

மனைவியையோ கணவரையோ அழைத்துவருகிறவர்கள் திருமணச் சான்றிதழை ஊரிலேயே தயார் செய்துவிட்டு வாருங்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்று, அதன்பின் தாய்லாந்து தூதரகச் சான்று. சென்னையிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. பாங்காக் வந்தபின் தாய் மொழிபெயர்ப்பு. இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அசலைக் கூரியரில் திருப்பி அனுப்புவதில் வாரங்கள் போகும்.

வங்கிக் கணக்கு ஒர்க் பெர்மிட் இருந்தால் திறக்கலாம். ஒரு கிளை மறுத்தால் அதே வங்கியின் அடுத்த கிளைக்குப் போங்கள், அலுவலகத்துக்குப் பக்கத்துக் கிளைகள் வெளிநாட்டவருக்குப் பழகியவை. செயலியில் ஒரே தடவையில் 50,000 பாட்டுக்கு மேலோ, ஒரு நாளில் மொத்தம் 2,00,000 பாட்டுக்கு மேலோ அனுப்ப முகத்தைக் காட்டி உறுதிசெய்ய வேண்டும். அதற்கான முகப் பதிவைக் கிளையில் செய்துகொள்ளுங்கள். வாடகை முன்பணம் கட்டுகிற அன்று இது தெரியவந்தால் கஷ்டம். பாஸ்போர்ட் மாறினால் வங்கிக்கும் சிம் கடைக்கும் அதே வாரம் போங்கள். சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், நண்பர் வாங்கிக் கொடுத்த சிம்மை வங்கிச் செயலியோடு இணைக்க வேண்டாம்.

ஓட்டுநர் உரிமத்துக்கு ஊரிலிருந்து கிளம்புமுன் ஆர்டிஓ-வில் சர்வதேச அனுமதி எடுத்து வந்தால் எழுத்துத் தேர்வும் ஓட்டிக்காட்டுவதும் தேவைப்படாது. மருத்துவச் சான்று, குடியிருப்புச் சான்றிதழ் அல்லது ஒர்க் பெர்மிட், பாஸ்போர்ட் கொண்டுபோனால் நிறக்குருடு, பிரேக் மிதிக்கும் வேகம், தூரம் கணித்தல், பக்கப் பார்வை என்று நான்கு சிறு சோதனைகள். காருக்கு முதலில் இரண்டு வருட உரிமம் 205 பாட், பிறகு ஐந்து வருடம் 505 பாட்.

சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புக்குப் பணம் பிடிக்கிறார்கள் என்றால் உங்களுக்கென ஒரு மருத்துவமனை ஒதுக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு எட்டாத இடமாக இருந்தால் ஜனவரி முதல் மார்ச் வரை மாற்றலாம். விவரங்களுக்கு 1506.

கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மின்வாரியத்துக்கு நேரடியாகக் கட்டும் காண்டோவில் மாதம் 300 யூனிட் ஓடினால் 1,300 பாட்டைச் சுற்றி வரும். அதே 300 யூனிட்டுக்கு, யூனிட் 8 பாட் என்று வாங்கும் அபார்ட்மென்ட்டில் 2,400. வாடகை ஆயிரம் குறைவு என்று போனவர்கள் இங்கே அதை இழக்கிறார்கள். ஏசி இல்லாமல் ஏப்ரல் தாண்டாது என்பதால் இதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். பல வீடுகளை வாடகைக்கு விடுகிறவர்கள் மின்சாரத்துக்குக் கூடுதலாக வசூலிக்கக் கூடாது என்று 2018-லேயே நுகர்வோர் பாதுகாப்பு வாரியம் விதி கொண்டுவந்தது. புகார் எண் 1166. குடிபோகும் அன்று மீட்டர் எண், ஏசியின் வடிகட்டி, மெத்தையின் இரண்டு பக்கம், குளியலறைச் சுவர் விளிம்பு எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு லைனில் அனுப்பிவிடுங்கள். வெளியேறும்போது முன்பணத்தில் பிடிப்பது இந்த நான்கில்தான்.

வேலையை விடும்போது கவனம். வேலையை வைத்து வாங்கிய விசா நீட்டிப்பு, முத்திரையில் எந்தத் தேதி இருந்தாலும், வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். 1,900 பாட் கட்டி 7 நாள் கேட்கலாம், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் நாளுக்கு 500 பாட், 20,000 வரை. ஆகவே கடைசி நாளை நிறுவனத்தோடு முன்கூட்டியே பேசி, டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள். வீட்டு முன்பணம் பெரும்பாலும் 30 நாள் கழித்தே வரும், அதுவும் தாய் வங்கிக் கணக்குக்குத்தான். அதனால் கணக்கை மூடிவிட்டுக் கிளம்பாதீர்கள். செயலிக்கு ஓடிபி வரும் சிம் ப்ரீபெய்டாக இருந்தால் நாலைந்து மாதத்துக்குக் காலாவதி ஆகாதபடி ரீசார்ஜ் செய்து, ரோமிங்கைத் திறந்துவைத்து, ஊரில் ஒரு பழைய போனில் போட்டு வையுங்கள்.